முப்பது வாக்கியங்களில் அவசரபுத்தி

ஒரே தாள்தான். அதில் முப்பது வாக்கியங்கள். வேலைகளைக் கவனமாகத் திட்டமிடுகிறேன் என்கிறது முதல் வரி. யோசிக்காமல் காரியத்தில் இறங்கிவிடுகிறேன் என்கிறது இரண்டாவது. இன்னும் கீழே போனால், நாடகத்திலோ சொற்பொழிவிலோ உட்கார்ந்தால் நெளிகிறேன், தோன்றிய மாத்திரத்தில் பொருள் வாங்கிவிடுகிறேன், வருமானத்துக்கு மேல் செலவு செய்கிறேன் என்றெல்லாம் வருகிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டங்கள்: அநேகமாக இல்லை, எப்போதாவது, அடிக்கடி, ஏறக்குறைய எப்போதும். ஐந்தாவதாக ஒரு நடுக்கட்டம் இல்லாததால், இரண்டுக்கும் நடுவே நின்று நழுவ முடியாது. பதினொரு வாக்கியங்கள் நல்ல பழக்கத்தைச் சொல்பவை. அவற்றுக்கு மட்டும் மதிப்பெண்ணைத் தலைகீழாகப் போடுவார்கள். படிக்காமலேயே ஒரே வரிசையில் டிக் அடித்துக்கொண்டு போகிறவர் அங்கே மாட்டிக்கொள்வார்.

இதுதான் பாரட் அளவுகோல். எர்னஸ்ட் பாரட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் தொடங்கிய வேலை இது. டெக்சஸ் மாநிலத்தின் கால்வஸ்டன் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவர். பதற்றத்தையும் அவசரபுத்தியையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆரம்ப நோக்கம். பல திருத்தங்களுக்குப் பிறகு, 1995இல் வெளியான பதினோராவது வடிவமே இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. மிகக் குறைந்த மதிப்பெண் 30, அதிகபட்சம் 120. அந்த 1995 ஆய்வில் கல்லூரி மாணவர்களின் சராசரி 64ஐ ஒட்டியும் சிறைக்கைதிகளின் சராசரி 76ஐ ஒட்டியும் இருந்தன.

உடனே எழக்கூடிய சந்தேகம் நியாயமானது. தன்னைப் பற்றித் தானே சொல்வதை எப்படி நம்புவது? அவசரக்காரர் தன்னை நிதானமானவர் என்று எழுதிவிட்டால்? ஆகவே ஆய்வாளர்கள் கணினியின் பக்கம் திரும்பினார்கள். திரையில் அம்புக்குறி வரும். அது காட்டும் பக்கத்துப் பொத்தானை உடனே அழுத்த வேண்டும். சில முறை மட்டும், அம்பு தோன்றிய கணநேரத்துக்குப் பின் ஒரு பீப் ஒலி கேட்கும். கேட்டால் விரலை நிறுத்திவிட வேண்டும். நிறுத்திவிட்டீர்களானால், அடுத்த முறை ஒலி இன்னும் கொஞ்சம் தாமதமாக வரும். தவறிவிட்டால் சற்று முன்னதாக வரும். இப்படிக் கூட்டியும் குறைத்தும், கிளம்பிவிட்ட கையை மனம் பிடித்து நிறுத்த எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். ஆரோக்கியமானவர்களுக்கு அது பெரும்பாலும் கால் நொடியை ஒட்டியது. இதில் பொய் சொல்ல வழியே இல்லை என்று தோன்றும்.

ஒரே குணத்தை அளப்பதாகச் சொல்லும் இரண்டு கருவிகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் அல்லவா? ஏஞ்சலா டக்வொர்த்தும் மார்கரெட் கெர்னும் 2011இல், 282 மாதிரிக் குழுக்களில் இருந்த 33,564 பேரின் தரவுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். சுயமதிப்பீட்டுப் படிவத்துக்கும் இத்தகைய தேர்வுகளுக்கும் இடையிலான ஒட்டுறவு சுமார் 0.10. முழுப் பொருத்தம் என்றால் 1, தொடர்பே இல்லையென்றால் 0. படிவத்தில் நிதானமானவர் என்று வந்த ஒருவர் கணினி முன் எப்படிச் செய்வார் என்று ஊகிப்பது ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு சொல்வதுதான்.

அப்படியானால் படிவம்தான் பொய் என்ற முடிவுக்குத்தான் பலரும் வருவார்கள். ஆனால் 2019இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 522 பேருக்கு ஏராளமான படிவங்களையும் கணினித் தேர்வுகளையும் கொடுத்து, அவர்களுடைய நிஜ வாழ்க்கையோடு ஒப்பிட்டார்கள். புகை, மது, உடல் எடை, மனநலம், கடன். படிவங்கள் இவற்றை ஓரளவுக்காவது முன்கூட்டிச் சொல்லின. கணினித் தேர்வுகள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டன.

எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த முடிவு இது. காரணமும் எளிமையானது. அம்புக்குறித் தேர்வு ஆய்வகத்துக்காகச் செய்யப்பட்டது. உட்காரும் எல்லோரிடமும் ஒரே விளைவைத் தவறாமல் காட்டுவதுதான் அதன் சிறப்பு. அதனாலேயே ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம் அதில் சுருங்கிப்போகிறது. இதே மனிதரைச் சில வாரம் கழித்து உட்காரவைத்தால் வேறு எண் வரக்கூடும். படிவமோ அந்தச் சில நிமிடங்களைக் கேட்பதில்லை. வழக்கமாக நீங்கள் எப்படி என்று கேட்கிறது. பதில் எழுதுகிறவர் பல வருடத்துத் தீபாவளிச் செலவுகளையும் வீட்டுச் சண்டைகளையும் மனதில் ஓட்டிப் பார்த்துத்தான் கட்டத்தில் குறியிடுகிறார். அவ்வளவு நீண்ட கால அனுபவத்தை எந்த ஆய்வகமும் அரை மணியில் வாங்க முடியாது.

அவசரபுத்தி என்பதும் ஒற்றைக் குணம் இல்லை. ஸ்டீபன் வைட்சைடும் டொனால்ட் லைனமும் 2001இல் அதை நான்காகப் பிரித்தார்கள்: மனம் கலங்கிய நேரத்தில் எதையாவது செய்துவிடுவது, முன்யோசனை இல்லாமை, எடுத்த வேலையை முடிக்காமல் விடுவது, புதுப் பரபரப்பைத் தேடி அலைவது. மலையேற்றத்துக்கு ஓடுகிற இளைஞரையும் கோபத்தில் கைப்பேசியை உடைக்கிறவரையும் ஒரே கூட்டுத்தொகையில் அடைத்தால் இருவரைப் பற்றியும் நமக்கு ஒன்றும் தெரியாது.

ஆனால் பாரட் படிவத்தில் என்னை உறுத்துகிற வரிகள் வேறு. தவறாமல் சேமிக்கிறேன். வேலை நிரந்தரத்துக்குத் திட்டமிடுகிறேன். வேலை மாற்றுகிறேன். குடியிருப்பை மாற்றுகிறேன். மாதச் சம்பளக்காரருக்கு இவை குணத்தைப் பற்றிய கேள்விகளாக இருக்கலாம். தினக்கூலிக்குப் போகிறவரின் சேமிப்பை அவருடைய நிதானமா தீர்மானிக்கிறது? வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னதால் வீடு மாறியவருக்கும் அதே கட்டத்தில்தான் டிக் விழும், அதே மதிப்பெண்தான் கூடும். ஏழ்மை இங்கே அவசரபுத்தியாகப் பதிவாகிவிடுகிறது. வறுமையில் உள்ளவர்களிடம் இந்த மதிப்பெண்ணை வாங்கி, அவர்கள் கஷ்டத்துக்கு அவர்களுடைய குணமே காரணம் என்று எழுதுவது அளவீட்டுப் பிழை மட்டுமல்ல, அநியாயமும்கூட.

பணமுடை மனக்கட்டுப்பாட்டையே அசைக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலிருந்தே ஓர் ஆய்வு உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்து, 2013இல் வெளியிட்டார்கள். கொடுத்தது அவசரபுத்திப் படிவம் அல்ல. ஒரு தேர்வில் 5 5 5 என்று காட்டினால் எத்தனை எண்கள் என்று எண்ணி, மூன்று என்று சொல்ல வேண்டும். ஐந்து என்று சொல்லத்தான் நாக்கு முந்தும். கரும்புப் பணம் வருவதற்கு முந்தைய இறுக்கமான மாதங்களில் அதே விவசாயிகள் மெதுவாகப் பதில் சொன்னார்கள், பிழையும் அதிகம் செய்தார்கள். பணம் கைக்கு வந்தபின் தேறினார்கள். ஆள் மாறவில்லை, மாதம்தான் மாறியது.

72 அல்லது அதற்கு மேல் வந்தால் அவசரபுத்தி அதிகம் என்று பாரட்டின் சக ஆய்வாளர்களே 2009இல் ஒரு கோடு போட்டார்கள். இணையத்தில் இந்தப் படிவத்தை நிரப்பி 74 என்று பார்த்துப் பயப்படுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது, அது நோயின் பெயர் அல்ல என்பதுதான். ஒரே தாளை வைத்து முடிவு கட்டாத வழியும் உண்டு. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972–73இல் பிறந்த சுமார் ஆயிரம் பேரைத் தொடரும் ஆய்வில், குழந்தைகளின் சுயக்கட்டுப்பாட்டை அளக்கப் பெற்றோர், ஆசிரியர், பார்வையாளர், பின்னாளில் அந்தக் குழந்தைகள் என்று பலரிடமும் பல வருடம் கேட்டார்கள். பிறந்த குடும்பத்தின் வசதியையும் தனியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். நம் ஊர் மனநல வெளிநோயாளர் பிரிவில் ஒரு படிவத்தை நீட்டும்போது இதில் பாதியாவது செய்யலாம். கூட வந்திருக்கும் அம்மாவிடமோ மனைவியிடமோ நாலு வார்த்தை கேட்கலாம். கடைசியாக முழுச் சம்பளம் எப்போது வந்தது என்பதையும் அதே தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.