உச்சமுனையில் ஓர் இரவு

இலங்கையின் தேசப்படத்தை விரித்து வைத்துக் கொழும்பிலிருந்து கரையோரமாக வடக்கே விரலை நகர்த்திக்கொண்டு போனால், நீர்கொழும்பையும் சிலாபத்தையும் தாண்டியபின், நிலத்தை விட்டுப் பிரிந்து கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு மெல்லிய மணற்கீற்றைக் காணலாம். அதுவே கற்பிட்டிக் குடாநாடு. அதன் நுனிக்கும் அப்பால், அச்சுக்கூடத்தில் தவறி விழுந்த மைத்துளிகள்போலச் சில தீவுகள் தெரியும். அவற்றுள் ஒன்றுதான் உச்சமுனை. பெயரைக் கேட்டதும் பெரிய மலைச்சிகரம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளும் அன்பர்கள் ஏமாந்து போவார்கள். அங்கே உயரமாக இருப்பவை மணற்குன்றுகள்தாம்.

சென்ற பங்குனியில் ஒரு சனிக்கிழமை, நண்பர் மூவராக நாம் அங்கே புறப்பட்டோம். பங்குனியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வைகாசி பிறந்ததும் சோளகக் காற்று கிளம்பிவிடும். பின்னர் ஐப்பசி வரையில் மேற்குக் கடல் கொந்தளித்துக்கொண்டே இருக்கும். அக்காலத்தில், பெரிய பட்டத்தை உடலிற் கட்டிக்கொண்டு பலகைமேல் ஏறிக் களப்பு நீரிற் பாயும் வெளிநாட்டாருக்குக் கொண்டாட்டம். எம்மைப்போல் படகேறிக் கடல் பார்க்கப் போகும் சாதாரண மனிதருக்குத் திண்டாட்டம்.

கொழும்பு - புத்தளம் வீதியில், புத்தளத்தை அடைவதற்குச் சற்று முன்னே, பாலாவிச் சந்தியில் இடப்புறம் திரும்ப வேண்டும். அங்கிருந்து கற்பிட்டி சுமார் 40 கிலோமீற்றர். உப்பளங்களிற் குவித்து வைத்த உப்பு வெயிலில் கண்ணைக் கூசச் செய்கிறது. தென்னந்தோப்புகள், வெங்காயத் தோட்டங்கள், வீதியின் நடுவில் நின்றுகொண்டு வழிவிட மறுக்கும் கழுதைகள் இவற்றையெல்லாம் கடந்து சென்றோம். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல, இந்தப் புத்தளம் மாவட்டத்திலேயே வந்து தங்கின. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று இம்மண்ணின் மக்களாகிவிட்டனர். 2011ஆம் ஆண்டில் மின் உற்பத்தி தொடங்கிய நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி நெடுந்தூரம் எம்மைத் தொடர்ந்து வந்தது.

கற்பிட்டியில் ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய கோட்டை களப்பின் கரையில் இன்னும் உறுதியாக நிற்கிறது. கண்டி அரசனின் கடல் வணிகத்தைக் கழுத்தில் நெரித்துப் பிடிக்க எழுந்த கோட்டை அது. அவர்களுக்கு முன்பே, 1344ஆம் ஆண்டில், இபுனு பதூதா என்னும் அராபியப் பிரயாணி இக்கரையில் ‘பத்தாலா’ என்ற பட்டினத்தில் இறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். அப்பட்டினம் புத்தளமே என்பது அறிஞர் பலரின் கருத்து. அதற்கும் ஏறக்குறைய 1300 ஆண்டுகளுக்கு முன் நடந்த கதையை உரோமப் புலவர் பிளினி எழுதிவைத்துள்ளார். செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்த அன்னியஸ் பிளொகாமஸ் என்பவரின் ஆள் ஒருவன், அராபியக் கரையோரம் கப்பலிற் சென்றபோது காற்றில் அகப்பட்டு, பதினைந்தாம் நாள் இலங்கையில் ‘ஹிப்புரொஸ்’ என்னும் துறையிற் கரைசேர்ந்தான். அத்துறை, களப்புக்கு வடகிழக்கே வில்பத்துக் கரையிலுள்ள குதிரைமலை முனையாகலாம் என்பார் உளர். காற்றுக்கு அகப்பட்டு இக்கரை சேர்ந்தவரின் கதை அவ்வளவு பழையது. அதில் எமக்கும் ஒரு சிறு பங்கு கிடைக்கும் என்பது அப்போது எமக்குத் தெரியாது.

பிற்பகல் மூன்று மணியளவில், பின்புறம் இயந்திரம் பூட்டிய சிறு படகொன்றில் ஏறினோம். படகோட்டி ஐம்பது வயதைக் கடந்தவர். தமிழும் சிங்களமும் ஒரே நாவிற் கலந்து பேசுபவர். ஒல்லாந்தர் குடா என இன்றும் வழங்கும் நீர்ப்பரப்பு எண்ணெய் தடவிய கண்ணாடிபோற் கிடந்தது. கரையோரங்களிற் கண்டல் மரங்கள் கால்களைத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடப்பவைபோல நின்றன. அக்கால்கள் யாவும் வேர்கள். சேற்றிலே காற்று இல்லாமையால், வேர்கள் மேலே எழுந்து மூச்சு விடுகின்றன. அவற்றின் இடுக்குகளிலேதான் இறாற் குஞ்சும் மீன் குஞ்சும் பெரிய மீன்களின் வாய்க்குத் தப்பி வளர்கின்றன. 1980க்குப் பின் புத்தளம், சிலாபம் பகுதிகளில் இறால் வளர்க்கும் குளங்களுக்காகக் கண்டற் காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. பின்னர் இறாலுக்கு நோய் வந்து குளங்கள் பல பாழாகின. காடும் இல்லை, இறாலும் இல்லை என்றாயிற்று. நாட்டிலுள்ள கண்டற் காடுகள் அனைத்தையும் காக்கும் முயற்சி 2015இல் தொடங்கியது.

உச்சமுனையை அடைந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. கிழக்குக் கரையில் களப்பு நீர் நாய்க்குட்டிபோலக் காலை நக்குகிறது. மணல்மேட்டைக் கடந்து மேற்கே போனால் பெருங்கடல் இரைகிறது. கருவாடு உலர்த்தும் பாய்கள், கிடுகு வேய்ந்த வாடிகள், கவிழ்த்து வைத்த வள்ளங்கள். இத்தீவுகளில் நிலையாகக் குடியிருப்போரும் உண்டு. நீர்கொழும்பு, சிலாபப் பக்கங்களில் சோளகம் கிளம்பும்போதும் அடங்கும்போதும் கடலைத் தேடி இடம் மாறும் மீனவரும் உண்டு.

எமக்கு வியப்பளித்தது குடிநீர். நாற்புறமும் உப்புக் கடல். மணலைத் தோண்டினாற் சுவையான நீர்! மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் எண்ணெய்போல் மிதந்து நிற்கிறது என்பதே இதன் இரகசியம். அது மிக மெல்லிய படலம். வாளியால் அளவாக மொண்டால் நீடிக்கும். இயந்திரம் பூட்டி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலேறிவிடும். இதைப் பாடசாலைப் பிள்ளைகள் ஒரு கண்ணாடிக் குவளையில் உப்புநீரை விட்டு, அதன்மேல் நிறம் கலந்த நன்னீரை மெல்ல ஊற்றிப் பார்த்து அறியலாம்.

இரவு மீன்குழம்பும் சோறும் உண்டபின் படகோட்டியும் அவருடைய சுற்றத்தாரும் மணலில் வந்தமர்ந்தனர். கற்பிட்டியையும் அதைச் சேர்ந்த 14 தீவுகளையும் பெரிய உல்லாசப் பிரயாணத் தலமாக்கும் அரசாங்கத் திட்டம், போர் முடிந்த 2009ஆம் ஆண்டை ஒட்டிப் பெரிதாகப் பேசப்பட்டது. எண்ணியபடி அது நிறைவேறவில்லை. ஆனால் கரைக்குப் போகும் வழிகள் சிலவற்றில் வேலிகள் எழுந்தன என்பது மீனவரின் முறையீடு. “இந்தக் கரையிலே வாடி போடுவது எங்கட அப்பா காலத்து வழக்கம், ஐயா. இப்போது உறுதி எங்கே, உறுதி எங்கே என்று கேட்கிறார்கள். கடலுக்கு யார் உறுதி எழுதித் தந்தது?” என்றார் ஒரு முதியவர். நாமும் உல்லாசப் பிரயாணிகளாகவே போயிருந்தோம். ஆகையால் அத்தொழிலை முற்றாகப் பழிக்க எமக்கு வாயில்லை. டொல்பின் பார்க்க வருவோரை ஏற்றிச் செல்வதால் படகோட்டிக்குக் கிடைக்கும் வருமானம், வலையில் வருவதிலும் நிச்சயமானது என்று அவரே சொன்னார். ஆயினும், நன்னீர்ப் படலத்தின்மேல் நூறு குளியலறைகள் எழுந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எம்மை உறங்க விடவில்லை.

மறுநாள் விடியற்காலையில் மேற்குக் கடலிற் சென்றோம். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. நண்பர் ஒருவர், “எல்லாம் விளம்பரம்” என்று முணுமுணுக்கத் தொடங்கிய அதே கணத்தில், படகுக்கு முன்னே கரிய உடலொன்று நீரைக் கிழித்து எழுந்து, பம்பரம்போற் சுழன்று, தொப்பென விழுந்தது. பிறகு இரண்டு, பத்து, எண்ணவொண்ணாத கூட்டம்! இவ்வகை டொல்பின்கள் ஒரே பாய்ச்சலில் ஏழு முறை வரையிற் சுழலவல்லவை. உடம்பில் ஒட்டும் மீன்களை உதறவே சுழல்கின்றன என்பர் சிலர். கூட்டத்தாருக்கு அறிவிக்கும் குறி என்பர் வேறு சிலர். இரவில் ஆழ்கடலிற் கணவாயும் சிறுமீனும் தேடி உண்டு, பகலில் ஓய்வெடுக்கும் பிராணிகள் அவை. அந்த ஓய்வு வேளையிலேதான் நாம் படகோடு வந்து நிற்கிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். படகோட்டி இயந்திரத்தை அடக்கிவிட்டார். அண்மையில் நின்ற வேறு இரு படகுகள் கூட்டத்தை ஊடறுத்துத் துரத்தின. கணப்பொழுதில் கடல் வெறிச்சோடிப் போயிற்று. திமிங்கிலம் எமக்குக் காட்சி தரவில்லை.

திரும்பும் வழியில், 1992இல் சரணாலயமாக்கப்பட்ட பவளப்பாறைத் தொடரின் ஓரத்தில் முகமூடி அணிந்து நீரிற் குனிந்து பார்த்தோம். 306 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள சரணாலயம் அது. 1998ஆம் ஆண்டில் கடல்நீர் அளவுக்குமீறிச் சூடேறியதால், ஆழமற்ற பகுதியிலிருந்த பவளங்கள் வெளுத்துப் பெரும்பாலும் மடிந்தன. பல ஆண்டுகள் சென்று மேசைபோல் விரியும் பவளங்கள் மீண்டும் தழைத்தன. 2016இல் மறுபடியும் வெளுத்தன. நாம் கண்ட இடத்தில் உடைந்த எலும்புகளைக் கொட்டியதுபோலப் பழைய பவளம் கிடந்தது. அதற்கிடையே உள்ளங்கையளவு இளம்பவளம் ஒன்று. அதைச் சுற்றி நீல மீன்கள்.

மதியத்துக்குப் பின் கற்பிட்டி நோக்கித் திரும்புகையில் கச்சான் காற்று எழுந்தது. குடாவின் நடுவில் இயந்திரம் திடீரென இருமி நின்றது. படகு குறுக்கே திரும்பி அலையை விலாவில் வாங்கத் தொடங்கியது. ஒவ்வோர் அலையும் ஒரு வாளி நீரை உள்ளே எறிந்தது. நாம் மூவரும் சாப்பாட்டுப் பாத்திரத்தால் நீரை இறைத்தோம். விளம்பரம் என்று முணுமுணுத்த நண்பர் இப்போது எல்லாத் தெய்வங்களையும் பெயர் சொல்லி அழைத்தார். படகோட்டி மட்டும் பதறவில்லை. நங்கூரத்தைப் போட்டுப் படகின் முகத்தைக் காற்றுக்கு நேராக்கிவிட்டு, வாயிற் கத்தியைக் கவ்விக்கொண்டு நீரிற் குதித்தார். மேலே வந்தபோது அவர் கையில் இருந்தது ஒரு தங்கூசி வலை. சட்டம் தடைசெய்த வலை. யாரோ வெட்டி எறிந்தது. சுழலியில் இறுகச் சுற்றியிருந்த அதை அறுத்தெடுக்க அரை மணி நேரம் ஆயிற்று.

“இதிலேதான் ஆவுளியாவும் மாட்டும், ஐயா” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. ஆவுளியா என்பது கடற்பசு. களப்பின் அடியில் வளரும் கடற்புல்லை மேய்ந்து, மூச்சுவிட மேலே வரும் சாதுவான பிராணி. பத்தடி வரை வளரும். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே கன்றை ஈனும். வலையில் அகப்பட்டால் மேலே வரமுடியாமல் மூச்சடைத்து இறந்துவிடும். 1970 முதல் இலங்கைச் சட்டம் அதைக் காக்கிறது. எறியப்பட்ட வலைக்குச் சட்டம் தெரியாதல்லவா? இளமையில் அதன் இறைச்சியைத் தாமும் உண்டதாகப் படகோட்டி மறைக்காமற் சொன்னார். கடைசியாக உயிருடன் கண்டது எப்போது என்று கேட்டோம். அவர் நெடுநேரம் யோசித்தார். மூத்த மகள் பிறந்த ஆண்டு என்றார். அம்மகளுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள்.

கற்பிட்டித் துறையில் இறங்கியபோது, வழக்கமாக அத்தகைய குப்பையைத் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார்கள் என்று அருகில் நின்ற ஒருவர் கூறினார். எமது படகோட்டி அந்த வலைப்பொதியைத் தோளிற் போட்டுக்கொண்டு, நீர் சொட்டச் சொட்ட வீட்டை நோக்கி நடந்தார். வேலிக்குப் பின்னால் குவித்து எரிப்பதாகச் சொன்னார்.