கேஐ-67 குறியீட்டெண் (கபச் சுரப்பிக் கட்டிகள்)

கேஐ-67 குறியீட்டெண் என்பது, ஒரு கட்டியிலுள்ள உயிரணுக்களில் எத்தனை விழுக்காடு பிரிவடையும் சுழற்சியில் உள்ளன என்பதைக் காட்டும் அளவாகும். மூளையின் அடியில் அமைந்துள்ள கபச் சுரப்பியில் (பிட்யூட்டரி) தோன்றும் கட்டி, அறுவைக்குப் பின் மீண்டும் வளரக்கூடுமா என்பதை மதிப்பிட இது உதவுகிறது.

பெயர்

கேஐ-67 புரதம் பிரிவடையும் உயிரணுக்களின் உட்கருவில் காணப்படும்; ஓய்வு நிலையில் உள்ளவற்றில் காணப்படுவதில்லை. இதனை இனங்காணும் பிறபொருளெதிரியை 1983 இல் செருமனியின் கீல் நகர ஆய்வாளர்கள் விவரித்தனர். அந்நகரின் பெயரும், ஆய்வகத் தட்டில் அக்குளோனுக்குரிய எண்ணும் சேர்ந்து இப்பெயர் அமைந்தது.

அளவிடும் முறை

அகற்றப்பட்ட கட்டியின் மெல்லிய சீவலில் பிறபொருளெதிரி இடப்பட்டு, நிறமேறிய உட்கருக்கள் எண்ணப்படுகின்றன. 1000 உயிரணுக்களில் 30 நிறமேறியிருப்பின் குறியீட்டெண் 3% ஆகும்.

பயன்பாடும் வரம்பும்

உலக சுகாதார அமைப்பின் 2004 வகைப்பாட்டில், 3% ஐ மீறுவது 'இயல்பற்ற சுரப்பிக்கட்டி' என்னும் பிரிவுக்குரிய அளவுகோல்களுள் ஒன்றாக இருந்தது. நோயின் போக்கை முன்னறிய அப்பிரிவு போதிய அளவு உதவாததால் 2017 இல் கைவிடப்பட்டது. எண்ணும் பகுதியையும் எண்ணுபவரையும் பொறுத்து இவ்வெண் மாறக்கூடும். எனவே இழையுருப்பிரிவு எண்ணிக்கை, பி53 புரதம், அண்டைத் திசுக்களில் ஊடுருவல் ஆகியவற்றுடன் சேர்த்தே இது கருதப்படுகிறது. குறைந்த எண் கொண்ட கட்டியும், முழுமையாக அகற்றப்படாவிடில், மீண்டும் வளரக்கூடும். ஆகவே தொடர்ச்சியான எம்.ஆர்.ஐ. கண்காணிப்பு தேவைப்படுகிறது.