கரையிறங்கிய நாட்கள் – 14: மாசியின் பிறந்தகம்

கொச்சியில் கப்பலேறியதும், கவரத்தியிலும் கல்பேனியிலும் பகலெல்லாம் கரையில் திரிந்துவிட்டு இரவுக்குக் கப்பலுக்கே திரும்பியதும் முன்பே எழுதியாகிவிட்டது. மறந்தவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளட்டும். இந்த வாரம் மினிக்காய்த் தீவின் கலங்கரை விளக்கத்தைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். ஆசிரியர் இரண்டு முறை தொலைபேசியில் நினைவூட்டியும்விட்டார். ஆனால் என் மனம் விளக்கின்மேல் ஏறாமல், கீழே ஒரு கருவாட்டுத் துண்டின்மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேனென்கிறது.

அதற்கு முன் ஒரு சிறு பூகோள விநோதம். பாலராமவர்மா மகாராஜா ஆண்ட காலத்தில் (1798–1810) நெசவுக்கென்று கிழக்கேயிருந்து வரவழைத்துக் குடியேற்றப்பட்ட சாலியர்களின் சந்ததி வாழும் எங்கள் பாலராமபுரத்துத் தெருவில், அடுத்த வீட்டுக் குழித்தறியிலிருந்து ஊடை நூல் ஒரு முழம் இரவல் வாங்கி, தேசப்படத்தில் பாறசாலைமேல் ஒரு நுனியை அழுத்திக்கொண்டு மறு நுனியை நேர் மேற்கே இழுத்துப் பார்த்தேன். சுமார் 450 கிலோமீட்டர் கடலைக் கடந்து அந்த நூல் மினிக்காயின் தலைமாட்டை உரசிக்கொண்டு போயிற்று. நேர் எதிரே கிடக்கும் இந்த அயல்வீட்டைப் பார்க்க, வடக்கே கொச்சிவரை ரயிலேறிப் போய், அங்கிருந்து கப்பலில் தெற்கு நோக்கி இறங்கிவந்திருக்கிறேன்!

பவளப்பாறை வளைத்த காயலுக்குள் பெரிய கப்பல் நுழைய முடியாதாகையால், வெளிக்கடலிலேயே அதை நிறுத்தி, உயிர்காப்புச் சட்டை மாட்டிய எங்களைச் சிறு படகுகளில் இறக்கிக் கரை சேர்த்தார்கள். இளநீர், கண்ணாடி அடித்தளப் படகு, காயலில் முங்குதல், மத்தியான்னம் சூரைமீன் குழம்பு, மாலையில் மறுபடி கப்பல் என்று, பிரயாணிகளின் பகற்பொழுதைப் பிரம்மாண்டமான அடுக்குப்பாத்திரம்போல் தட்டுத் தட்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். அதைக் குறை சொல்வதற்கில்லை. மணலும் வெண்மை, நீரும் தெளிவு. ஆனால் அழகான காயல் கல்பேனியிலும் இருந்ததே!

மினிக்காயின் விசேஷம் வேறு. ஒன்பது பாகைக் கால்வாய் என்னும் கடற்பரப்பு இத்தீவை மற்ற லட்சத்தீவுகளிலிருந்து பிரித்துவிடுகிறது. அங்கெல்லாம் செல்லுபடியான என் எல்லைப்புற மலையாளம் இங்கே பாதி விலைக்குத்தான் போயிற்று. ஏனெனில் இந்த ஜனங்கள் வீட்டில் பேசுவது மாலத்தீவு மொழியின் கிளையான மஹல், அதை எழுதுவதோ வலமிருந்து இடமாக. கடைவாசலில் அடுக்கியிருந்த, கறுத்துக் காய்ந்த கட்டைகளைக் காட்டி, இது என்னவென்று மலையாளத்தில் விசாரித்தேன். கடைக்கார இளைஞர், 'மாஸ்' என்றார். அவருடைய மொழியில் 'மஸ்' என்றால் மீன். தூத்துக்குடியிலும் காயல்பட்டினத்திலும் மாசிக் கருவாடு என்றும், இலங்கையில் சம்பலுக்கு மாசி என்றும் நாம் கேட்டு வாங்கும் அதே வஸ்து! அந்தப் பெயரை மாசி மாதத்தோடு முடிச்சுப்போட்டு, அம்மாதத்தில்தான் அது சந்தைக்கு வரும் போலும் என்று ஐம்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கடைவாசலில் வெட்கமாகப் போய்விட்டது.

அதன் உற்பத்தியை அவர் கையசைவோடு வர்ணித்தார். முதலில் காயலில் சிறு மீன்களை உயிரோடு பிடித்து, கடல்நீர் ஓடிக்கொண்டேயிருக்கும் படகுத் தொட்டியில் இட்டு, வெளிக்கடலில் சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அவற்றை அள்ளி எறிய வேண்டும். அதே சமயம் படகிலிருந்து நீரை விசிறித் தெளித்தால், பொடிமீன்கள் துள்ளுவதாக மயங்கிச் சூரைகள் வெறிகொண்டு மேலே வரும். அப்போது எதிர்முள் இல்லாத தூண்டிலை நீண்ட கழியால் வீசி இழுக்க, மீன் தலைக்குமேல் பறந்துவந்து தானே கழன்று படகுக்குள் விழும். எதிர்முள் இருந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் கூட்டம் கலைந்துவிடும் அல்லவா? வலை வீசி வாருவதில்லை. ஒரு தூண்டிலுக்கு ஒரு மீன்தான். பிறகு தலையும் குடலும் நீக்கி, நீளவாக்கில் பிளந்து, உப்புநீரில் அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தினால், மாதக்கணக்கில் கெடாத மாசி தயார்.

நான் வாங்கிய இரண்டு கட்டைகள், இரவு முழுவதும் கப்பல் அறையில் தங்கள் இருப்பைப் பிரகடனம் செய்துகொண்டேயிருந்தன. உடன் தங்கியிருந்த சைவ அன்பர் மேல்தளத்திலேயே விடியவிட்டார். அவரிடம் இங்கே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் அத்தை அவற்றைக் கையில் வாங்கி எடை பார்த்து, "இது என்ன மக்களே, தறிக்கட்டையை அறுத்துக் கொண்டுவந்தியா?" என்றாள். பிறகு ஒன்றோடொன்றைத் தட்டினாள். 'டணக்' என்று வைரம் பாய்ந்த மரம்போல் ஒலித்தது. குழவியால் ஒரு போடு போட்டதும் பிளந்த உள்பக்கம், பழுக்கக் காய்ச்சிய வெல்லப்பாகு உறைந்ததுபோல் கருஞ்சிவப்பாய் மின்னிற்று. "நல்ல சரக்குதான்" என்று சொல்லி, தேங்காயும் வற்றல் மிளகாயும் எடுக்கப் போனாள்.

1885-இல் வெள்ளைக்காரர்கள் கட்டிய அந்தக் கலங்கரை விளக்கத்துக்கு, இந்த மாசி விசாரணை போக எனக்கு மிஞ்சியது முக்கால் மணி நேரம். படிகளை எண்ணத் தொடங்கி நடுவில் மூச்சோடு கணக்கும் தப்பிப்போன கதை அடுத்த வாரம்.