பிறவிக் குடலடைப்பும் சத்திரசிகிச்சையும்: ஒரு சமூகவியல் நோக்கு

கோட்பாட்டுக்கும் நடைமுறைக்கும் உள்ள உறவு பற்றி இலக்கிய ஆய்வில் நாம் அடிக்கடி பேசுகிறோம். மருத்துவ வரலாற்றிலிருந்து அதற்கோர் உதாரணத்தை இங்கு நோக்குவோம்.

பிறந்த சிசுவின் சிறுகுடல் ஓரிடத்தில் மூடுண்டோ துண்டுபட்டோ இருப்பதுண்டு. அத்தகைய சிசு பச்சை நிறப் பித்தத்தை வாந்தியெடுக்கும், வயிறு உப்பும். சத்திரசிகிச்சை இன்றேல் அது பிழைக்காது.

கருவில் முன்சிறுகுடலின் துவாரம் கலங்களால் நிரம்பிப் பின்னர் திறக்கின்றது. அவ்வாறு திறவாமையே அடைப்புக்குக் காரணம் என 1900 இல் தான்ட்லர் விளக்கினார். முன்சிறுகுடலைப் பொறுத்தவரை இக்கருத்து இன்றும் ஏற்கப்படுகின்றது. ஆயின் அது குடல் முழுவதற்கும் பொருத்தப்பட்டமையே தவறாயிற்று. அடைப்புக்குக் கீழேயும் பித்தமும், சிசு கருவில் விழுங்கிய மென்மயிரும் காணப்பட்டன. எனவே அக்குடல் ஒருகாலத்தில் திறந்தே இருந்திருத்தல் வேண்டும்.

1955 இல் தென்னாபிரிக்காவின் கேப் ரவுணைச் சேர்ந்த லூவும் பார்னாட்டும் இம்முரண்பாட்டுக்கு விடை கண்டனர். நாயின் கருவிலிருந்த குட்டிகளின் குடலுக்குச் செல்லும் குருதிக்குழாய்களைப் பார்னாட் கட்டி, குட்டிகளை மீண்டும் கருப்பையில் விட்டார். பிறந்தபோது அவற்றின் குடலில் மனித சிசுவிற் காணப்படுவது போன்ற அடைப்புகள் இருந்தன. குருதியோட்டம் தடைப்படுதலே காரணம் என்பது இதனால் வலுப்பெற்றது.

இப்புதிய விளக்கம் சத்திரசிகிச்சை முறையையே மாற்றியது. முன்னர் வீங்கிய மேற்பகுதியை அவ்வாறே விட்டு, அதனைக் கீழ்ப்பகுதியோடு இணைத்தனர்; குருதி வளம் குன்றிய அப்பகுதி சரிவர இயங்கவில்லை. பின்னர் அதனை வெட்டியகற்றி, நலமான இரு முனைகளையும் நேருக்கு நேர் தைத்தனர். குடல் இயங்கத் தொடங்கும்வரை நாளத்தினூடாகவே முழு உணவையும் ஊட்டிச் சிசுவை வளர்க்கலாம் என்பதை 1968 இல் வில்மோரும் டட்றிக்கும் நிறுவினர்.

எனினும் அறிவு வளர்ந்தமையால் மட்டும் அதன் பயன் யாவர்க்கும் கிட்டிவிடவில்லை. குடலடைப்பு உள்ளிட்ட ஏழுவகைப் பிறவிக் கோளாறுகள் பற்றி 74 நாடுகளில் நிகழ்ந்த ஆய்வொன்று 2021 இல் வெளிவந்தது. அதன்படி, இறந்த சிசுக்கள் வருமானங் குறைந்த நாடுகளில் நூற்றுக்கு 39.8, நடுத்தர நாடுகளில் 20.4, செல்வந்த நாடுகளில் 5.6.

கோளாறுகள் அவையே, சிகிச்சை முறைகளும் அறியப்பட்டவையே. வாந்தியின் பச்சை நிறத்தைக் கண்டதும் ஆபத்தை உணரும் தாதி, உரிய நேரத்தில் கொண்டுசெல்லும் வாகனம், சிசுவுக்கு மயக்கமருந்து கொடுக்கவல்ல வைத்தியர், நாளவழி உணவு ஆகியவை எங்கு உள என்பதே வேறுபாடு. சத்திரசிகிச்சையாளரின் கத்தியைப் போலவே இவற்றின் பங்கீடும் சிசுவின் வாழ்வைத் தீர்மானிக்கின்றது என்பது எமது துணிபு.