மூடுபனி: வந்த வழியும் போகும் வழியும்

மார்கழி விடியலில் கடையைத் திறந்ததும் காதில் விழும் முதல் பேச்சு இதுதான்: "அண்ணாச்சி, ஏலாவில மஞ்ஞு எறங்கிக் கெடக்கு, ரோடே தெரியல்ல." செங்கல், பாறசாலைப் பக்கம் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் பனி என்றும் சொல்வார்கள், மஞ்ஞு என்றும் சொல்வார்கள். பழந்தமிழில் மஞ்சு என்றால் மேகம். பொருத்தமான பெயர்தான். மூடுபனி தரையில் படிந்த மேகமே.

எங்கள் சமண நூல்கள் அப்காயிக உயிர்களை, அதாவது நீரையே உடலாகக் கொண்ட உயிர்களை, எண்ணும்போது பனித்துளி, மூடுபனி, உறைபனி என்று தனித்தனியே எண்ணும். இன்றைய அறிவியல் மூடுபனியையே, அது உண்டாகும் விதத்தை வைத்துப் பல வகையாகப் பிரிக்கிறது. இதனால் நமக்கு என்ன லாபம்? வந்த வழி தெரிந்தால், எப்போது போகும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் பொது விதி. சூடான காற்றில் நீராவி அதிகம் இருக்க முடியும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் வரை இருக்கலாம். 20 டிகிரியில் சுமார் 17 கிராம்தான். குளிரும்போது மிஞ்சுகிற ஆவி, தூசியிலும் உப்புத் துகளிலும் ஒட்டி நுண்துளியாகி மிதக்கிறது. பார்வை 1,000 மீட்டருக்குள் குறுகினால் அதை மூடுபனி என்பது வானிலையாளர் கணக்கு.

முதல் வகை, நம் ஏலாவில் காண்பது: கதிர்வீச்சு மூடுபனி. மேகம் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானுக்கு விட்டுவிடுகிறது. ஒட்டியுள்ள ஈரக்காற்றும் குளிர்கிறது. காற்று துளியும் அசையாவிட்டால் ஈரம் பெரும்பாலும் புல்லில் பனித்துளியாகப் படிந்துவிடும்; பலமாக வீசினால் கலைந்துவிடும்; மெல்ல அசைந்தால்தான் மூடுபனி. குளிர்ந்த காற்று கனமானதால் பள்ளத்தில் தேங்கும். மேட்டு வீட்டு முற்றம் தெளிவாக இருக்கும்போதே வயல் வெள்ளையாகக் கிடப்பது இதனால்தான். ஒரு தை மாதம் எங்களுக்குச் சரக்கு ஏற்றி வந்த டெம்போ, மேட்டில் நன்றாக வந்து, ஏலா இறக்கத்தில் வழி தெரியாமல் வாய்க்காலில் இறங்கிவிட்டது. டிரைவருக்குக் காலில் நல்ல அடி. வெயில் ஏறும்வரை நின்றிருந்தால் போதும், அது தானே விலகியிருக்கும்.

இரண்டாவது, மலையேறும் மூடுபனி. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று பொன்முடி, அகத்தியர் மலைச் சரிவுகளில் ஏறும்போது, 100 மீட்டருக்குச் சுமார் ஒரு டிகிரி வீதம் குளிர்கிறது. கீழிருந்து பார்த்தால் மேகம். உள்ளே நின்றால் மூடுபனி. காற்று ஏறும்வரை இதுவும் இருக்கும், நண்பகலானாலும் சரி.

மூன்றாவது, ஈரக்காற்று குளிர்ந்த பரப்பின் மேல் நகர்ந்து வருவதால் உண்டாவது. சான் பிரான்சிஸ்கோ இதற்குப் பேர்போனது. அங்கே கடல் நீரோட்டம் குளிர்ந்தது. நம் பூவார்க் கடல் வெதுவெதுப்பானது. இங்கே இவ்வகை அரிது.

நான்காவது, ஆவிப்பனி. குளத்து நீர் சூடாகவும் மேலுள்ள காற்று குளிர்ந்தும் இருந்தால், விடியலில் குளம் புகைவதுபோல் தெரியும். பார்க்க அழகு, சீக்கிரம் மறையும்.

இவற்றோடு புகை கலந்தால்தான் ஆபத்து. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் நிலக்கரிப் புகையும் மூடுபனியும் கலந்து நின்றதில் சுமார் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பின்னாளைய மதிப்பீடுகள் இதைவிட மிக அதிகம். 2018 போகியன்று சென்னையில் எழுந்த புகைமூட்டத்தால் விமானங்களே இறங்க முடியாமல் திருப்பிவிடப்பட்டன.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு இரண்டு சொல்லி வைப்போம். விடியலில் டியூஷனுக்கு வண்டியில் போகிறவர்கள் ஏலா இறக்கத்தில் வேகத்தைக் குறைத்து, விளக்கை டிம்மில் போடணும். பிரைட்டில் போட்டால் துளிகள் அந்த வெளிச்சத்தை நம் கண்ணுக்கே திருப்பிவிடும். போகியன்று டயர், பிளாஸ்டிக் எரிக்கவே கூடாது. மற்ற பனியெல்லாம் வெயிலோ காற்றோ பார்த்துக்கொள்ளும். புகைப்பனியை நாம்தான் வராமல் தடுக்க வேண்டும்.