பிரெஞ்சு மொழியில் மூழ்க ஒரு கோடை: எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குள் நுழைந்த முதல் வாரம் நம்மில் பலருக்கு மறந்திருக்காது. சிற்றுண்டிச்சாலையில் மீ கோரேங் வாங்கவும் மலாய், வகுப்பைவிட்டு வெளியே போக அனுமதி கேட்கவும் மலாய். தடுமாறினோம், வெட்கப்பட்டோம். ஆனால், ஆண்டு முடிவதற்குள் மலாயிலேயே சண்டை போடவும் கற்றுக்கொண்டோம். மொழியில் மூழ்கிக் கற்பது என்பது இதுதான். 1965-இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில், செயின்ட் லம்பேர் என்ற ஊரில், ஆங்கிலம் பேசும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளின் பாலர் வகுப்பையே பிரெஞ்சில் நடத்த வைத்தனர். இம்முறை உலகெங்கும் அறியப்பட அதுவே வழிவகுத்தது.

இன்று பதினாறு, பதினேழு வயதில் பிரெஞ்சு கற்கத் துடிக்கும் தம்பி தங்கையர் நம்மிடையே உள்ளனர். அரசாங்க உபகாரச் சம்பளத்தில் பிரான்சில் பொறியியல் பயின்ற மலேசியர்களும் உண்டு. ஆனால், பத்து பாகாட்டிலிருந்து புறப்படும் ஒரு குடும்பத்திற்குக் கட்டணம், விமானச் சீட்டு, காப்புறுதி என எல்லாமே பெற்றோரின் சேமிப்புதான். ஆழம் தெரியாமல் காலை விடலாமா?

எந்த ஊர்?

விளம்பரத்தில் உள்ள பாடத்திட்டத்தை மட்டும் பார்ப்பது போதாது. வகுப்பு முடிந்த பிறகு எந்த மொழியில் பேச வேண்டியிருக்கும் என்பதையே முதலில் கேட்க வேண்டும். அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியில் 1916-இல் தொடங்கிய பிரெஞ்சுப் பள்ளியில், கற்கும் மொழியைத் தவிர வேறு மொழி பேசுவதில்லை என மாணவர்கள் உறுதிமொழி எடுப்பது வழக்கம். அந்தக் கட்டாயமே பாதி ஆசிரியர்.

பலரும் நினைப்பது புதுச்சேரியை. அங்கு அலியான்ஸ் பிரான்சேஸ் 1889-லிருந்து இயங்கி வருகிறது. வகுப்பு நன்றாகவே அமையலாம். ஆனால், தெருவில் இறங்கினால் காய்கறிக்காரரும் ஆட்டோக்காரரும் நம்மிடம் தமிழில்தான் பேசுவார்கள். மற்றவருக்கு எப்படியோ, தமிழருக்கு அங்கே மூழ்குவது கடினம்.

கனடா உறவினர் ‘எக்ஸ்ப்ளோர்’ திட்டத்தைப் பரிந்துரைக்கலாம். அந்த அரசு உதவி கனடியக் குடிமக்கள், நிரந்தரவாசிகள் போன்றோருக்கே உரியது.

பிரான்சில் விஷி நகரின் கவிலாம் (1964), பெசன்சோன் நகரின் மொழியியல் மையம் (1958), தூர் நகரின் தூரேன் கழகம் (1912) ஆகியவை நெடுநாள் அனுபவம் உள்ளவை. பாரிசில் நாம் திக்கினால் எதிரில் இருப்பவர் ஆங்கிலத்திற்கு மாறிவிடக்கூடும். சிறிய ஊர்களில் அந்த வாய்ப்புக் குறைவு. மலேசியக் கடப்பிதழ் உள்ளவர் விசா இன்றி, 180 நாள்களில் 90 நாள்வரை அங்கே தங்கலாம்.

எப்போது?

பதின்ம வயதினருக்கான முகாம்கள் பெரும்பாலும் ஐரோப்பியக் கோடையான ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நடக்கின்றன. நம் நீண்ட பள்ளி விடுமுறை அப்போது வருவதில்லை. படிவம் நான்கில் பாடங்களைத் தவறவிட்டுச் செல்வதைவிட, எஸ்.பி.எம். முடிந்து மேற்படிப்புக்குக் காத்திருக்கும் மாதங்களே ஏற்றவை.

எவ்வளவு கற்கலாம்?

ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட அளவுகோல் மொழித்திறனை ஏ1 முதல் சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. வாரம் 20 மணி நேரம் என்றால் நான்கு வாரத்தில் 80 மணி நேரம். எழுத்துகூடத் தெரியாமல் போகிறவர் அதில் ஏறத்தாழ ஏ1 நிலையை எட்டலாம். பிரெஞ்சில் நடக்கும் இளங்கலைப் படிப்புக்கோ பெரும்பாலும் பி2 கேட்பார்கள். ஆகவே, “ஒரே மாதத்தில் சரளம்” என்னும் விளம்பரத்தை நம்ப வேண்டாம். ஏ1 நிலையைக் கோலாலம்பூரிலோ பினாங்கிலோ உள்ள அலியான்ஸ் பிரான்சேஸ் வழியாக முடித்துவிட்டுப் பயணம் செல்லுங்கள். குறைந்த செலவில் இங்கேயே கிடைப்பதை விமானம் ஏறிப்போய் வாங்குவானேன்?

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. பதினெட்டு வயதுக்குக் குறைந்தோரைச் சேர்ப்பார்களா? இரவில் யார் பொறுப்பு?
2. தங்குவது பிரெஞ்சுக் குடும்பத்துடனா, விடுதியிலா? அதே வீட்டில் நம் மொழி பேசும் மாணவர் இருப்பாரா?
3. ஒரு வகுப்பில் எத்தனை பேர்? எந்தெந்த நாட்டினர்?
4. மாட்டிறைச்சி உண்ணாதவர், சைவர் என்றால் விண்ணப்பத்திலேயே எழுத இடமுண்டா?
5. முடிவில் டெல்ஃப் தேர்வு எழுதலாமா? வருகைச் சான்றிதழ் வேறு, டெல்ஃப் வேறு. டெல்ஃப் சான்றிதழுக்குக் காலாவதி இல்லை.

நண்பர்கள் கூட்டமாகச் சேர்ந்து போவது பெற்றோருக்கு நிம்மதி தரும். ஆனால், அங்கேயும் நமக்குள் தமிழில் பேசிக்கொண்டிருந்தால் நஷ்டம் நமக்கே. ஒரே முகாமுக்குப் போனாலும் வெவ்வேறு வீடுகளில் தங்குங்கள்.

முதல் வாரம் வாய் திறக்கக் கூச்சமாக இருக்கும். அந்த வேளையில், சிற்றுண்டிச்சாலை வரிசையில் நின்று மலாய்ச் சொற்களைத் தேடிய அந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை கரையேறியவர்கள்தாமே நாம்!