கைக்கணினியில் ஒரு சட்டாம்பிள்ளை

30 குழந்தைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில், 40 நிமிஷப் பாடவேளைக்குள் ஒவ்வொருவரும் வாய்விட்டு வாசிப்பதைக் கேட்டுவிட வேண்டுமென்று ஓர் ஆசிரியை எத்தனை சிரத்தையுடன் முற்பட்டாலும், தலைக்கு ஒன்றரை நிமிஷம்கூடத் தேறாது. வாசிப்போ, ஒருவர் கேட்க, பிழைபட்டு, திருத்தம் பெற்று, மறுபடியும் சொல்லிப் பழகினாலன்றி நாவில் படியாத வித்தை. வகுப்பறைக்குள் புகுந்துள்ள மின்னணு உபகரணங்களை எடைபோடுவதற்கு இந்தச் சாமானியக் கணக்கே தகுந்த தராசாகும்.

இந்தச் சங்கடம் புதிதன்று. மணலில் விரலால் எழுதப் பழக்கிய திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர், இதற்குப் பரிகாரமாக மூத்த மாணவன் ஒருவனைச் சட்டாம்பிள்ளையாக்கி, இளையவர்களின் பாடத்தைக் கேட்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தார். 1789-இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கான அநாதை விடுதியின் மேற்பார்வையை ஏற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பிக்கும் முறையை அங்கே பிரயோகித்து, 1797-இல் அதை லண்டனில் நூலாக வெளியிட, ‘மதராஸ் முறை’ என்ற பெயருடன் அது இங்கிலாந்தில் பரவிற்று.

தமிழ் கற்கும் குழந்தைக்குக் கேட்கும் செவி ஏன் அவசியம்? எழுத்து 247 என்றாலும், உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆகியவற்றோடு உயிர்க்குறிகளின் சேர்க்கையையும் அறிந்தவர்க்கு, எஞ்சிய 216 உயிர்மெய்களும் தாமே வசப்படும். ஆயினும், ஒலியில் பின்னே வரும் உயிரின் குறி ‘கொ’ என்று எழுதுகையில் மெய்யின் இருபுறமும் நிற்பதும், ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’ என்னும் சொற்களில் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிப்பதும், கண்ணால் மட்டும் கற்க இயலாத சூட்சுமங்கள்.

இங்கேதான் கைக்கணினியில் இயங்கும், பேச்சை உணரும் செயலி உதவிக்கு வருகிறது. 2019-இல் ‘போலோ’ என்ற பெயரில் ஹிந்தியில் தொடங்கி, பின்னர் ‘ரீட் அலாங்’ என்ற பெயருடன் தமிழுக்கும் வந்த கூகுள் செயலி, திரையிலுள்ள கதையைக் குழந்தை உரக்க வாசிக்கையில் சொல்லுக்குச் சொல் கேட்டு, சரியானதைக் குறித்துக்காட்டி, தடுமாறும் சொல்லைத் தொட்டால் தானே உச்சரித்தும் காட்டும். முன்கூட்டியே இறக்கி வைத்த கதைகளுக்கு இணைய இணைப்பும் வேண்டியதில்லை. 2022 ஜூன் மாதத்தில் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தின் மையங்கள் வழியே தமிழகத்தில் நடந்த வாசிப்பு மாரத்தானுக்குப் பயன்பட்டதும் இதுவே.

ஏனைய சாதனங்களின் தொழில் வேறு. 2018 முதல் வந்த புதிய பாடநூல்களின் கியூஆர் குறியீடு, பாடத்துக்குரிய காணொளிக்கு வழிகாட்டுகிறது. பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளம், வாசிப்புத் திறனுக்கேற்பப் படிப்படியாக வகுத்த கதைகளைக் கட்டணமின்றித் தருவதோடு, ஆசிரியரே அவற்றை மொழிபெயர்க்கவும் இடமளிக்கிறது. 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில், குழந்தைகளை ‘அரும்பு’, ‘மொட்டு’, ‘மலர்’ என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பதற்கு வேண்டிய மதிப்பீடும் செயலியின் வாயிலாகவே நடைபெறுகிறது.

ஆனால் முப்பது குரல்கள் ஒருசேர எழும் அறையில் யந்திரத்தின் செவி தடுமாறும். ஒரு சொல் பிழைபட்டது என்று கூறவல்ல அது, ஏன் பிழைபட்டது என்று அறியாது. ‘ன’, ‘ண’ மயக்கமா, வீட்டு மொழி தெலுங்கு என்பதனால் நேர்ந்த தயக்கமா, எழுத்தே தெளிவாகத் தெரியாத கண்குறையா என்று நிதானிப்பது, பக்கத்தில் அமர்ந்து முகம் பார்ப்பவரால் மட்டுமே கூடும். சரளமாக வாசிக்கும் இருபது பேரைச் செயலி கேட்டுக்கொண்டிருக்க, மிச்சமான நிமிஷங்களை மதிப்பெண் பதிவேற்றுவதிலேயே தொலைத்துவிடாமல், தடுமாறும் பத்துப் பேரின் அருகே ஆசிரியை போய் அமர்வாரானால், திண்ணையில் சட்டாம்பிள்ளை ஆற்றிய உபகாரத்தையே கைக்கணினியும் ஆற்றியதாகும்.